தின்னச் சொன்ன வாக்குத்தத்தம்

புது வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, முதலிபாளையத்துத் தகரக் கூரை ஜெபக்கூடத்தில் வாக்குத்தத்தம் எடுப்பார்கள். எவர்சில்வர் தாம்பாளத்தில் வசன அட்டைகளைக் குப்புறக் கவிழ்த்துப் பரப்பியிருக்கும். குடும்பத்துக்கு ஒரு அட்டை. கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆண்டவர் சொல்ல நினைத்தது அதுதான். பெரும்பாலும் நல்லதாகத்தான் வரும். வீடு கிடைக்கும், வியாதி தீரும், கண்ணீர் மாறும் என்கிற மாதிரி. நாளெல்லாம் பனியன் கம்பெனியில் நின்று கால் வீங்கிப்போகிறவர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா?

அன்புசெல்விக்கு வந்த அட்டையில் ரோஜாப்பூப் படம் போட்டிருந்தது. பூவுக்குக் கீழே இருந்த வசனம் எழுந்திருக்கச் சொன்னது, அடிக்கச் சொன்னது, தின்னச் சொன்னது. அவ்வளவுதான். ஆசீர்வாதம் எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலண்டர்தான் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமுத்தாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங் அன்பு, உங்க ஊட்டுக்கு இந்த வருசம் கறி விருந்தாட்டம் இருக்குதுங்களே."

அன்புசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அப்போது அஞ்சாம் மாதம். முதல் பிள்ளை போய் ஏழு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிற பிள்ளை. தும்மினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்முகிறவளிடம் அடி, தின் என்று சொன்னால் அவள் எப்படிச் சிரிப்பாள்?

அட்டையைக் கொண்டுபோய் பாஸ்டர் டேனியலிடம் கொடுத்தாள். அவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். டெய்லராக இந்த ஊருக்கு வந்து, தையல் மெஷினை விற்றுவிட்டு ஊழியத்துக்கு இறங்கியவர். கெட்டவர் அல்ல. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு முதலில் வந்து நிற்கிறவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தவர் முகம் ஒருமாதிரி ஆனது.

"அச்சுக்காரன் எதையோ எடுத்துப் போட்டுட்டாம்மா. இது வாக்குத்தத்தமே இல்ல. பேதுருவுக்குச் சொன்னது. நீங்க வேற ஒண்ணு எடுத்துக்கிடுங்க."

"திருப்பி வெக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே ஐயா சொல்லுவீங்க?"

ஜெபக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்டரின் கை தாம்பாளத்துக்கு மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தது. அவர் போட்ட சட்டம் அவரையே கட்டிவிட்டது. "சரிம்மா. வச்சுக்கிடுங்க. ஜெபம் பண்ணிக்கிடுவோம்" என்றார். அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அன்புசெல்விக்கு அட்டையைக் கண்டதைவிட அந்த நடுக்கத்தைக் கேட்டதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சபையில் சாப்பாட்டுக்குச் சட்டம் உண்டு. பழைய ஏற்பாட்டில் யூதர்களுக்கு விதித்ததையெல்லாம் இங்கேயும் வைத்திருந்தார்கள். பன்றி ஆகாது. நண்டு, இறால் ஆகாது. செதிலில்லாத மீன் ஆகாது. ரத்தம் ஆகவே ஆகாது. கோயிலில் படைத்தது கூடாது, வேறு சாமி பேரைச் சொல்லி அறுத்தது கூடாது. மற்றவர்கள் இதையெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தார்கள். ராமுத்தாய் ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டுக் கூழை நாலு டம்ளர் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து பாடுவாள். அன்புசெல்வியால் அது முடியாது. அவள் ஒருமுறை மீறிப் பார்த்தவள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, குன்னத்தூரில் மாமியார் பழனாத்தாள் மாரியம்மன் கோயில் பொங்கலைக் கொண்டுவந்து கொடுத்தாள். மசக்கைக்கு எதுவுமே இறங்காமல் கிடந்த நேரம் அது. வெல்லமும் நெய்யும் மணக்க அந்தப் பொங்கல் மட்டும் இறங்கியது. ரெண்டு கை அள்ளித் தின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. பாஸ்டரிடம் சொல்லி அழுதாள், அவர் ஜெபித்தார். அவளுக்கு அது போதவில்லை. தானாகவே உபவாசம் இருக்கத் தொடங்கினாள். பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்த பிறகு ஒருவேளைக் கஞ்சி. வாரக்கணக்கில் அப்படி இருந்தாள். ஏழாம் மாதத்தில் ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றது.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. ஒரே ஒரு தடவை காட்டிவிட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்க்க வந்த பாஸ்டரிடம், "அந்தப் பொங்கலாலயாங்கய்யா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் ஒன்று சொன்னார். கையைக் கழுவிக்கொண்டே, "ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா, இத்தனை நாளா என்னத்தத் தின்னே?" என்றார். அன்புசெல்வி அதைக் காதில் வாங்கினாள். புருஷன் பூபாலனிடம்கூட அதை இதுவரைக்கும் அவள் சொன்னதில்லை.

இப்போது அட்டை வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் வேதத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் தேடிப் படித்தாள். பேதுரு மத்தியான வேளையில் மேல்மாடியில் ஜெபிக்கப் போகிறார். பசி கண்ணை அடைக்கிறது. வானம் திறந்து, நாலு முனையும் கட்டிய பெரிய துணி ஒன்று இறங்கி வருகிறது. உள்ளே ஊர்வது, பறப்பது, நாலு காலில் நடப்பது எல்லாம் இருக்கிறது. அடித்துத் தின்னும்படி ஒரு குரல் சொல்கிறது. அவர் பிறந்ததிலிருந்து ஆகாததைத் தொடாத மனுஷன், மாட்டேன் என்கிறார். ஆண்டவர் சுத்தம் செய்ததைத் தீட்டு என்று சொல்ல நீ யார் என்று குரல் திருப்பிக் கேட்கிறது. மூன்று தடவை இப்படி நடக்கிறது. பிறகு துணி மேலே போய்விடுகிறது. வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். வேறு ஜாதி, வேறு சாமிக்காரன் ஒருவன் வீட்டிலிருந்து அவரை அழைத்துப்போக ஆள் வந்திருக்கிறது.

அன்புசெல்வி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பேதுரு தின்றாரா, இல்லையா? தின்ற பிறகு அவருக்கு ஒன்றும் ஆகவில்லையா? அது எழுதியிருக்கவில்லை. துணி இறங்கியது இருக்கிறது, ஏறியது இருக்கிறது, தின்றது மட்டும் இல்லை. சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கட்டளையை மீறினால் என்ன ஆகும் என்று தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் அடி வயிற்றில்தான் விழும் என்று தோன்றியது. அட்டையை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, அன்று ராத்திரி கஞ்சியைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஏம்புள்ள, சாப்புடாம கெடந்தா அது எப்புடி வளரும்?" என்று பூபாலன் கேட்டான். நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் அவனுக்கு நைட் ஷிப்ட்.

"பசிக்கலீங்க மாமா" என்றாள்.

மாசியில் வெயில் ஏறியது. சிட்கோ தொழிற்பேட்டைக்குள் இருக்கிற கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் டேபிளில் வேலை. துணியில் ஓட்டை, கறை பார்த்து, பிசிர் வெட்டி, சரியில்லாத பீஸை ஒதுக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் தலை கிறுகிறுத்துக்கொண்டு வந்தது. காலையில் அரை டம்ளர் டீ குடித்ததோடு சரி. காற்றாட நிற்கலாம் என்று வெளியே வந்து, மாடிப் படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தாள். எதற்கோ மேலே பார்த்தாள்.

வானத்திலிருந்து ஒரு பெரிய துணி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு முனையும் முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே ஏதேதோ புடைத்துக்கொண்டு நின்றது.

மேல்மாடியிலிருந்து கட்டிங் வேஸ்ட் மூட்டையைக் கயிறு கட்டி டெம்போவில் இறக்குகிறார்கள். தினமும் நடக்கிற காரியம். நாள் தவறாமல் அவள் பார்க்கிற மூட்டைதான். ஆனால் அன்றைக்கு அவள் கண்ணுக்கு அது மூட்டையாகத் தெரியவில்லை. "வேண்டாங்க ஆண்டவரே" என்று கத்தினாள். கத்தியது வெளியே கேட்டதா என்பது அவளுக்குத் தெரியாது. தரை எழுந்து வந்தது.

விழும் முன் தாங்கிப் பிடித்தது சபுரா பீவி. அதே செக்கிங் டேபிளில் எதிர்ப்பக்கம் நிற்கிறவள். லைன் வீட்டில் ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவளும் அவள்தான். அவள் புருஷன் சேக் தாவூது டெம்போவில் வேஸ்ட் எடுக்கிறவர். அன்றைக்கு மூட்டையைக் கீழே நின்று பிடித்தவரும் அவரே. பாதி மூட்டையோடு அன்புசெல்வியையும் ஏற்றிக்கொண்டு டெம்போ ஆஸ்பத்திரிக்குப் போனது.

பரிசோதித்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அன்புசெல்வியைப் பார்த்தார். "ரத்தம் ஆறரைதான் இருக்குது. இத வெச்சுக்கிட்டு நீ எப்பிடிம்மா நடமாடிக்கிட்டு இருக்கே? ஊசி போடறேன். ஆனா ஊசி மட்டும் பத்தாது. நீ சாப்பிடணும். கீரை, பேரீச்சை, ஈரல், எது கிடைச்சாலும் சாப்பிடு."

"முன்னால ஒண்ணு தவறிப்போச்சுன்னு எழுதியிருக்கே. அப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்று பக்கத்தில் இருந்த நர்ஸ் கேட்டாள்.

"தெரியலீங்க" என்றாள் அன்புசெல்வி.

திரும்பி வரும்போது சபுரா டெம்போவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "ஈரலெல்லாம் அப்புறம் கண்ணு. ரத்தம் ஊறணும்னா சுவரொட்டிதான். ஆட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், விடியறதுக்குள்ள ஆளு சொல்லி வெச்சிருவாங்க. எங்க கொழுந்தன் அப்துல்லா கடையில நான் சொல்லி வெக்கறேன். மொளவு போட்டு வறுத்துத் தர்றேன், பேசாமத் தின்னு."

ஆட்டின் மண்ணீரல் அது. கறுத்து, மெத்தென்று, முழுக்க ரத்தமாக இருக்கும். ரத்தம். அதுவும் ஓதி அறுத்தது. ஆகாதது ஒன்றுக்கு ரெண்டாக அவளைத் தேடி வருகிறது. தின்னச் சொன்ன குரலே ஆளைவிட்டுக் கொடுத்தனுப்புகிறதா, அல்லது சோதித்துப் பார்க்கிறதா?

"சரிங்க்கா" என்று மட்டும் சொன்னாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சபுரா அவ்வளவு அன்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து சுவரொட்டி வர ஆரம்பித்தது. வாரத்தில் ரெண்டு நாள், சில வாரம் மூன்று நாள். சின்ன டிபன் பாக்ஸில், சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு, சூடு ஆறாமல். "வீட்ல போய்ச் சாப்பிட்டுக்கறேனுங்க்கா" என்று அன்புசெல்வி வாங்கிக்கொள்வாள். மத்தியானம் கம்பெனிக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, அங்கே படுத்துக் கிடக்கும் செவலை நாய்க்குக் கொட்டிவிடுவாள். டிபனைத் தேய்த்துக் கழுவி, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க்கா" என்று திருப்பிக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அந்த நாய்க்கு மயிர் மினுமினுத்தது. சிட்கோவிலேயே ரத்த ஓட்டம் நன்றாக இருந்த ஜீவன் அதுதான்.

பொய் சொல்வதும் பாவம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பயத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு பாவத்தை இன்னொரு பாவத்தால் மூடுவது சுலபம். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் வாயில் எச்சில் ஊறியது. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, வழக்கம் போல டிபனோடு பின்பக்கம் போனபோது நாய் அங்கே இல்லை. திரும்பிப் பார்த்தாள். சபுரா நின்றிருந்தாள். நாய் அவள் காலடியில் உட்கார்ந்து, டிபனைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

சபுரா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏழு வருசமா ஒத்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறோம். நோம்புக் கஞ்சி குடுத்தப்பவும் ஊத்தியிருப்பீங்க, இல்லீங்களா?" என்றாள். அவள் அன்புசெல்வியை ஒருநாளும் வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை. "ஆகலேன்னா ஆகலேன்னு சொல்லீருக்கலாமுங்க. எங்கூட்டுச் சோறு நாய்க்குத்தான் ஆகும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

டிபனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து செக்கிங் டேபிளில் எதிரும் புதிருமாக நின்றும் அவள் தலை நிமிரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமும் குறைந்துபோனது.

ஏழாம் மாதம் பிறந்தது. முதல் பிள்ளை போன மாதம் என்பதால் அன்புசெல்வி நாள் எண்ணினாள். முறையாகப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். கீரையை மென்றாள். மெல்லும்போதே போதுமா, அதிகமா, கீரைக்காரி பிள்ளையார் கோயிலில் வைத்துவிட்டுக் கொண்டுவந்திருப்பாளோ என்று யோசனை ஓடும். பாதியில் எழுந்துவிடுவாள்.

செக்கிங்குக்குப் பீஸ் வராமல் கம்பெனி லீவு விட்ட ஒரு புதன்கிழமை, காலையிலிருந்து அசைவு தெரியவில்லை.

முதலில் தூங்குகிறது என்று நினைத்தாள். தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் படுத்தாள், வலப்பக்கம் படுத்தாள். வயிற்றைத் தட்டி, "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்டாள். வயிறு சும்மா இருந்தது. அந்தச் சும்மாவை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பூபாலன் அன்றைக்குப் பார்த்துப் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். போனை எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்? பாஸ்டருக்குப் போடலாம் என்று எண்ணைத் தொட்டவளின் விரல் அப்படியே நின்றது. அவர் வருவார். ஜெபிப்பார். அவள் கேட்பாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். இன்னொரு தடவை அந்தக் குனிந்த தலையைப் பார்த்தால் செத்துப்போவோம் என்று தோன்றியது.

அழைத்துப்போக யாராவது வாசலில் வந்து நிற்பார்கள் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் நிற்கவில்லை. வந்தவளைத்தான் நாய்க்கு முன்னால் நிற்க வைத்து அனுப்பியாயிற்றே. இனி தான்தான் போக வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பத்தடி தூரம் இருக்காது. சபுராவின் வாசல் துணித்திரையை விலக்கினாள். இத்தனை வருஷத்தில் அந்தத் திரைக்கு உள்ளே அவள் கால் வைத்ததில்லை.

"அக்கா... அசையலீங்க்கா."

சபுரா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோபத்தையெல்லாம் அரிசியோடு போட்டுவிட்டு ஓடி வந்தாள். பாயை விரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சர்க்கரையைக் கரைத்து, தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தாள். வயிற்றின்மேல் ஈரக் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். உதடு மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. ஓதின வாயும் ஓதின தண்ணியும் ஆகாது என்று அன்புசெல்வி கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. நிறுத்திவிடுவாளோ என்றுதான் பயந்தாள்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. சபுராவின் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ லேசாக ஒரு இடி இடித்தது. இன்னொன்று.

"இருக்குது" என்றாள் சபுரா. அவளுக்கும் வேர்த்து ஒழுகியிருந்தது. "இருக்குது கண்ணு. பசியில சுருண்டு கெடக்குது. எந்திரி, ஆட்டோ வரச் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயி ஒருக்கா பாத்துட்டு வந்துரலாம்."

அன்புசெல்வி எழுந்திருக்கவில்லை. "சோறு போடுங்க்கா" என்றாள். "சுவரொட்டி இருக்குதுங்களா?"

சபுரா கையை எடுத்துக்கொண்டாள். அடுப்பு மேடையை ஒருமுறை பார்த்தாள். "இருக்குது. அப்துல்லா இன்னிக்கும் குடுத்தனுப்பிட்டான், நான் வேண்டாம்னு சொல்லலே. ஆனா எனக்குப் பயமாருக்குது."

"உங்களுக்கென்னங்க்கா பயம்?"

"இன்னிக்குத் தின்னுபோட்டு நாளைக்கு ஒண்ணுன்னா? பாய் ஊட்டுக் கறி தின்னுதான் புள்ள போச்சுன்னு உங்க சபை ஐயரு சொல்லுவாரு. நீயும் நம்புவே. இந்த லைன்ல நான் எப்புடிக் குடியிருக்கறது? மகளைக் கட்டிக் குடுத்த எடத்துல என்ன பேசுவாங்க?" சபுரா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்களுக்கும் ரத்தம் ஆகாது கண்ணு. ஈரலும் சுவரொட்டியும் மட்டும் ஆகும்னு வெச்சிருக்குது. நாங்களும் பயந்து பயந்து திங்கறவங்கதான்."

அன்புசெல்வி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதாள்.

"எனக்கு அந்தப் பயம் மட்டும் இல்லீங்க்கா. தின்னா இது செத்துப்போயிருமோன்னு பயந்ததென்னமோ நெசம். ஆனா அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்குது. தின்னு, இது நல்லபடியாப் பொறந்துட்டா?"

"பொறக்கட்டுமே. அதுக்கென்ன பயம்?"

"அப்ப மொதப் புள்ளைக்கு நான் தின்ன கோயில் பொங்கல் ஒண்ணும் பண்ணலீன்னுதானுங்களே ஆகும்? ஒடம்புல ரத்தமே இல்லேன்னு அன்னைக்கே டாக்டரம்மா சொன்னாங்க. நான்தான் பட்டினி கெடந்தேன். ஒருத்தரும் கெடக்கச் சொல்லலே. இது பொழச்சுதுன்னா, மொதப் புள்ளையப் பட்டினி போட்டது நான்தானுங்க்கா. தலை நெறைய முடிங்க்கா அதுக்கு."

சபுரா எழுந்து போய்த் தட்டில் சோற்றைப் போட்டு, மேலே கறுப்பாகச் சுருண்டிருந்த நாலு துண்டை வைத்துக் கொண்டுவந்தாள். அன்புசெல்வியின் கையிலிருந்து துண்டு நழுவியது. ரெண்டாம் தடவையும் நழுவியது. சபுரா தானே எடுத்து ஊட்டினாள். மிளகுக் காரமும் இரும்பு வாசனையுமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது. தொண்டையைத் தாண்டும்போது அன்புசெல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இடி விழவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகும் பயம் போய்விடவில்லை. தின்ற ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வரைக்கும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு தண்டனைக்குக் காத்திருந்தாள். தண்டனை வராத ஒவ்வொரு நாளும் மூத்தது அவள் கண்முன்னே வந்து நின்றது. ரெண்டு பயத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் தின்றாள்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுகை. தலை நிறைய முடி. பூபாலன் சாக்லேட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் மத்தியானம் பாஸ்டர் டேனியல் வந்தார். அந்த நேரம் பார்த்து சபுராவும் டிபனோடு வந்து நின்றாள். பாஸ்டர் குழந்தை தலையில் கை வைத்து நீளமாக ஜெபித்து, "பாத்தீங்களாம்மா, கர்த்தர் உங்களைக் கைவிடலைல்லா?" என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஐயா, ஒண்ணு கேக்கணுங்க" என்றாள் அன்புசெல்வி.

"கேளுங்கம்மா."

"மொதப் புள்ள போனப்ப, பொங்கலாலயான்னு உங்களைக் கேட்டேன். நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. அன்னைக்கு உங்களுக்கு என்னங்கய்யா தெரியும்?"

பாஸ்டரின் தலை பழையபடி குனியப் போனது. பாதி குனிந்து நின்றது. சபுரா டிபனைத் திறந்து, மூடியை வைக்க இடமில்லாமல் அவர் கையில் கொடுத்திருந்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியின் உள்பக்கம் மிளகும் எண்ணெயும் ஒட்டியிருந்தன.

"ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "எனக்கு அன்னைக்கும் தெரியாது. தெரியலைன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

அன்புசெல்வி அவரைத் திட்டவில்லை. ஏழு வருஷம் அவள் கட்டிக் காத்த சட்டம் ஒரு மனுஷனின் வாய் திறக்காத பயத்தின்மேல் நின்றிருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அதைப் புரிந்துகொண்டும் மூத்தவள் திரும்பி வரப்போவதில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். முதல் பிள்ளைக்காக அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். தண்டனை அனுபவிக்கிறவளுக்கு அழ உரிமை இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது.

"போதும் கண்ணு. மொதல்ல சாப்புடு. பால் ஊறணும்" என்று சபுரா டிபனை மடியில் வைத்தாள்.

அன்புசெல்வி ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண்ணீரும் மூக்கும் ஒழுக மென்றாள். விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். பாஸ்டர் டேனியல் டிபன் மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல், விரலில் எண்ணெய் ஒட்ட, அதைப் பிடித்தபடி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.